கஸ்னா கொடுத்ததாகச் சொன்ன பால்

ஷீஹான் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்கள் ஊரில் ஏழு தலைமுறையாக வெளி இரத்தம் ஒரு சொட்டும் கலந்ததில்லை. ஏழு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். நாலாவது தலைமுறையில் கலீல் நகரத்திலிருந்து கண்ணாடி வளையல் விற்க வந்த ஒருவன் மழைக்கு ஒதுங்கியவன், மழை நின்ற பிறகும் ஒரு பருவம் முழுக்கத் தங்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் ஊரில் நீலக் கண்கள் தென்பட ஆரம்பித்தன. ஆனால் வளையல்காரனைப் பற்றி இங்கே யாரும் பேசமாட்டார்கள். அந்த வருஷம் நல்ல மழை என்று மட்டும் சொல்வார்கள்.

கஸ்னாவுக்கு நீலக் கண் கிடையாது. அவள் கலப்பில்லாத சரக்கு. அவளுடைய தகப்பனும் ஹாயில், தியாப் என்ற இருவரின் தகப்பனும் கூடப் பிறந்தவர்கள். மூத்தவருக்கு இரண்டு பையன், இளையவருக்கு இரண்டு பெண். அல்லாஹ்வே கணக்குப் போட்டு அனுப்பியதுபோல் இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. மூத்த பையன் ஹாயிலுக்கு மூத்த பெண் ஃபித்தா. இளைய பையன் தியாபுக்கு இளைய பெண் கஸ்னா. ஒரே நாளில் இரண்டு கல்யாணம், ஒரே கிடாய் வெட்டு. சித்தப்பா மகன் நினைத்தால் குதிரைமேல் ஏறிவிட்ட மணப்பெண்ணையும் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. கஸ்னாவின் காலத்தில் குதிரை போய் பிக்கப் வண்டி வந்துவிட்டது. இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு தம்பதிகளுக்கும் நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

கஸ்னாவைப் பற்றி ஊரில் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள்: பொய் சொல்லத் தெரியாது. ஆடு வாங்க வந்தவன் அதன் வாயைத் திறந்து பல் பார்ப்பதற்குள், “பின்னங்கால் நொண்டும், பார்த்துக்கோ” என்று சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறான் என்று தியாபுக்காகப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. தியாபும் தனக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொள்வான். அதற்கு மேல் எதுவும் செய்யமாட்டான். அவன் சுபாவம் அது.

அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் நாயிஃப். அடுத்தது மய்ஸா என்ற பெண். அது நாலு வயதில், தலைநகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. கடைக்குட்டி தாமிர்.

நாயிஃப் சின்ன வயதிலிருந்தே தண்ணீர்ப் பானையை விட்டு நகரமாட்டான். இரவில் எழுந்து எழுந்து குடிப்பான். ஆட்டுக்கு வைக்கும் உப்புக்கட்டியைத் திருடி நக்குவான். ஒட்டகம் வளர்க்கிறாள் உம்மு நாயிஃப் என்று, நாயிஃபின் தாயான கஸ்னாவைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒட்டகம் வளரவில்லை. பதினாலு வயதில் பத்து வயதுப் பையன் உயரத்தில், வெளுத்த முகத்தோடு, பள்ளிக்கூட வாசலில் மயங்கி விழுந்தான். சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கி ஒலிவக் கொட்டையாகிவிட்டன என்று தலைநகரத்தில் சொன்னார்கள். ஒலிவக் கொட்டை என்பது தியாப் ஊருக்கு வந்து சொன்னது. டாக்டர் ஏதோ சென்டிமீட்டர் சொல்லியிருப்பாள்.

அந்த டாக்டர் சின்னப் பெண். கஸ்னாவையும் தியாபையும் உட்காரவைத்து, நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டாள்.

“ஆமா, அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் கஸ்னா. “ரொம்ப நல்ல சொந்தம்.”

டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைய ஆரம்பித்தாள். மேலே போகப் போக முன்னோர்கள் பெருகுவார்கள் என்று நினைத்துக் காகிதத்தை அகலவாக்கில் வைத்திருந்தாள் பாவம். அது மேலே போகப் போகக் குறுகி, ஒரு கிழவனிலும் ஒரு கிழவியிலும் போய் நின்றுவிட்டது. கஸ்னாவுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக எழுதிக் காட்ட எத்தனை குடும்பத்தால் முடியும்? டாக்டர் பேனாவை மூடிவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். ஒரு கோளாறு இருவர் உடம்பிலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது சாகும்வரை தூங்கும். கணவன் மனைவி இருவரிடமும் இருந்தால் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு விழித்துக்கொள்ளும். சின்னவன் தாமிரும் அதைச் சுமக்கக்கூடும். அவனுக்காவது வெளியில் பெண் எடுங்கள்.

கஸ்னா தன் சிறுநீரகங்களில் ஒன்றை நாயிஃபுக்குக் கொடுத்தாள். அது அவனுக்குள் பத்து வருஷம் ஒழுங்காக உழைத்தது. அப்புறம் என்ன கோபமோ, நின்றுவிட்டது. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் கரக் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். தாயும் கூடப் போவாள். இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. தயிர்க்கட்டி கரைத்த குழம்பு, பேரீச்சை, தக்காளி எதுவும் ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். பானையை விட்டு நகராதவனுக்கு இது ஒரு தண்டனை. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. இயந்திரத்தைத் தன் பெண்டாட்டி என்பான். “ஜெர்மனிக்காரி. நம்ம குலத்துலயே வெளியில கட்டினவன் நான் ஒருத்தன்தான், அம்மா. பெரியப்பாகிட்ட சொல்லிடாத.”

இந்தப் பெரியப்பா ஹாயில்தான் குலத்துக்குத் தலைவர். ஊர் அவரை அபூ மிஜ்ஹிம் என்று கூப்பிடும், அதாவது மிஜ்ஹிமின் தகப்பன். மிஜ்ஹிம் பதினொரு வயதில் செத்துப்போய்விட்டான். பெயர் மட்டும் தகப்பனிடம் தங்கிவிட்டது. மிச்சமிருந்தது வத்ஹா, ஷுமா என்ற இரண்டு பெண்கள்.

மிஜ்ஹிம் செத்தது கண்ணேறு பட்டதால் என்று அவன் தாய் ஃபித்தா உறுதியாக நம்பினாள். யார் கண் என்பதும் அவளுக்குத் தெரியும். கீழ்த்தெரு மாவுமில்காரன் பெண்டாட்டி ஒருநாள் பையனைப் பார்த்து, “என்ன அழகான முடி” என்று சொல்லிவிட்டு ‘மாஷா அல்லாஹ்’ சொல்ல மறந்துபோனாள். அன்று முதல் ஃபித்தா கோதுமையை அடுத்த ஊருக்குக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போய் அரைத்தாள். பிள்ளையை இழந்தவளுக்கு அந்தக் கழுதைப் பயணம் ஒரு ஆறுதலாக இருந்தது.

அதைக் கெடுத்தவள் கஸ்னா. நாலு வருஷத்துக்கு முன், நாயிஃபுக்குக் கொடுத்த சிறுநீரகம் நின்றுபோய் மறுபடியும் டாக்டர்கள் குடும்பக் கதை கேட்டபோது, அக்கா மகன் ஒருவனும் பானையை விட்டு நகராமல் இருந்து, கடைசியில் வீங்கிச் செத்தான் என்று அவள் சொன்னாள். அதுவும் இதே நோய்தான் என்றார்கள். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு உண்மையை மறைக்கவும் தெரியாது. நேரே வந்து அக்காவிடம் சொன்னாள்: “அது கண்ணேறு இல்லக்கா. அதுவும் சிறுநீரகந்தான். நம்ம ரத்தத்துலயே இருக்கு.”

ஃபித்தா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்து முடித்தாள். துணி போட்டு மூடினாள். அப்புறம், “வெளியே போ” என்றாள். கண்ணேறு என்றால் குற்றவாளி கீழ்த்தெருவில் இருக்கிறாள். இரத்தம் என்றால் எங்கே தேடுவது? மறுநாளிலிருந்து ஃபித்தா கீழ்த்தெரு மில்லிலேயே மாவு அரைக்க ஆரம்பித்தாள்; தங்கையிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாலு வருஷம். ஒரே சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால் இந்தப் பக்கம் எந்தப் பாத்திரம் என்று தெரியும், அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

இந்த நிலையில்தான் ஹாயில், தாமிருக்கு வத்ஹா என்று அறிவித்தார். புதிதாக ஒன்றும் அறிவிக்கவில்லை. வத்ஹா பிறந்த அன்று தொப்புள்கொடி அறுக்கும்போதே சொன்னதைத்தான் திரும்பச் சொன்னார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மேற்குச் சரிவில் இருக்கும் ஒலிவத் தோப்பு வெளியாள் கைக்குப் போகக்கூடாது. அதற்கு ஒரே வழி, தம்பி மகன்.

டாக்டர் சொன்னதைத் தியாப் அண்ணனிடம் கொண்டுபோய் வைத்தான். வெளியில் பெண் எடுக்கச் சொன்னாள் என்று. ஹாயில் நிதானமாகக் கேட்டுவிட்டு, டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்றார். உன் வீட்டுக்கு வெளியில் என்றுதானே சொன்னாள்? நடுவில் சுவர் இருக்கிறதல்லவா? வத்ஹா என் வீட்டுப் பெண். தியாபுக்கு இது நியாயமாகப் பட்டது. அவன் திரும்பி வந்து கஸ்னாவிடம், டாக்டருக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டான்.

கஸ்னா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே போனாள். ஹாயில் முற்றத்தில் கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் நாலில் ஒன்று என்ற கணக்கைச் சொன்னாள்.

“அப்ப நாலுல மூணு நல்லா இருக்கும்” என்றார் அவர். “என் பார்லி வயல் என்னைக்காவது நாலுல மூணு தந்திருக்கா, சித்தப்பா மகளே?”

“பார்லி டயாலிசிஸுக்கு பஸ் ஏறாது, பெரியப்பா மகனே.”

அவர் அதற்குக் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். கல்யாணத்துக்கு முன் அரசாங்கம் கட்டாயமாகச் செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனைச் சான்றிதழ். தாமிரையும் வத்ஹாவையும் முன்கூட்டியே அனுப்பி வாங்கி வைத்திருந்தார். தலசீமியா என்ற இரத்த நோய் இல்லை என்று முத்திரை குத்தியிருந்தது. அரசாங்கமே இரத்தத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? அந்தக் காகிதம் சிறுநீரகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று கஸ்னா சொல்லிப் பார்த்தாள். முத்திரையோடு யாரால் வாதாட முடியும்?

தாமிர் ராணுவத்தில் இருந்தான். விடுப்பில் வந்தபோது தாய் அவனைப் பிடித்தாள். அவனுக்கு வத்ஹாமேல் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் தான் வேண்டாம் என்று சொன்னால், சொந்தக்காரனே வேண்டாம் என்றவளை வேறு யார் கேட்பார்கள் என்று பயந்தான். பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்துக்கொண்டிருந்த வத்ஹா, ஒருநாள் கொடியில் துணி உலர்த்தும்போது சித்தியிடம் குனிந்த தலையோடு சொன்னாள்: “உங்களால நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க சித்தி. நான் பேசினா அப்பா தலை குனியும்.” ஆக, இருவருக்கும் வேண்டாம், இருவருமே அடுத்தவரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சம்மதித்திருந்தார்கள். எங்கள் ஊரில் பாதிக் கல்யாணங்கள் இப்படித்தான் நடக்கின்றன, மீதிப் பாதிக்கு இவ்வளவு நல்ல காரணம்கூட இருக்காது.

தியாபிடம் அவள் ஒரே ஒரு முறை குரல் உடைந்து பேசினாள். “எங்கிட்ட குடுக்க ஒண்ணுதான் இருந்துச்சு, அபூ நாயிஃப். குடுத்துட்டேன். பேரப்பிள்ளைக்கு எதைக் குடுப்பேன்?” தியாப் செருப்பை மாட்டிக்கொண்டான். அல்லாஹ் பெரியவன் என்றான். பிறகு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

டயாலிசிஸ் கூடத்தில் கஸ்னாவுக்குச் சிநேகிதிகள் அதிகம். படுக்கையில் பிள்ளை, பக்கத்து நாற்காலியில் தாய், எதிரில் இன்னொரு தாய். உங்கள் வீட்டுக்காரர் சித்தப்பா மகனா, அத்தை மகனா என்று அங்கே கேட்பது, தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுபோல. ஒருநாள் கூர் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஒரு பெண் ஓயாமல் அழுதாள். அவள் இளைய மகனுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுவிட்டதாம். பெண்ணின் பாட்டிக்குத் திடீரென்று ஞாபகம் வந்ததாம், அந்தப் பையனுக்குத் தான் பால் கொடுத்திருக்கிறேன் என்று. ஒரே முலையில் ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தவர்கள் உடன்பிறப்புகள் ஆகிவிடுகிறார்கள்; பையன் பெண்ணுக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டான். அதற்கு மேல் மார்க்கத்தில் வழி கிடையாது. எவ்வளவு நல்ல சம்பந்தம், சொந்த மாமன் மகள், போயே போய்விட்டதே என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். கஸ்னா மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரே தாத்தா, ஒரே பாட்டி, அப்பன்மார் அண்ணன் தம்பி, அம்மாமார் அக்கா தங்கை. இத்தனை இரத்தமும் சேர்ந்து ஒரு கல்யாணத்தைத் தடுக்க முடியவில்லை. அஞ்சு வயிற்றுப் பால் தடுத்துவிடும்!

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நாயிஃப் தாயின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

“உனக்குப் பொய் வராதும்மா. சொல்லும்போது முக்காட்டு நுனியைப் பிடிச்சு முறுக்குவ.”

“பொண்ணு கேக்கிற அன்னைக்குத் திரைக்கு அந்தப் பக்கந்தான உக்காந்திருப்பேன்” என்றாள் கஸ்னா.

பெண் கேட்க வரும் கூட்டத்துக்கு இங்கே ஜாஹா என்று பெயர். பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் ஜாஹா ஜாஹாதான். தியாபின் வாசலிலிருந்து பெரிய மனிதர்கள் அறுபது பேர் கிளம்பினார்கள். ஹாயிலின் வாசல் பத்தடி தூரம். பத்தடியில் என்ன கௌரவம் இருக்கிறது? ஆகவே கார்களில் ஏறி, ஊரை ஒரு முழுச் சுற்று சுற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு, தூரதேசத்திலிருந்து வருகிறவர்கள்போல் வந்து இறங்கினார்கள். ஹாயில் அவர்களை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் வாசலுக்கு வந்து வரவேற்றார்.

ஒரு சங்கடம் இருந்தது. இருபது வருஷமாக எங்கள் குலத்தின் ஜாஹாக்கள் எல்லாவற்றிலும் பேசியவர் ஹாயில்தான். இன்று அவரே பெண்ணின் தகப்பன். அதனால் அபூ ஃபவ்வாஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியைப் பேச வைத்தார்கள். பேச்சை எழுதிக் கொடுத்தது ஹாயில். அபூ ஃபவ்வாஸ் எழுந்து, தங்கள் குலப்பெருமையைச் சொல்லி, கொடைவள்ளலான ஹாயிலைப் புகழ ஆரம்பித்தபோது, ஹாயிலின் உதடுகளும் கூடவே அசைந்தன. ஓரிடத்தில் அபூ ஃபவ்வாஸ் மறந்து நிற்க, ஹாயில் தரையைப் பார்த்தபடி, “விருந்தினரின் புகலிடம்” என்று முணுமுணுத்து எடுத்துக் கொடுத்தார்.

பேசியவரின் கையில் காபிக் கிண்ணம் வைக்கப்பட்டது. அவர் குடிக்காமல் தரையில் வைத்தார். கேட்டது கிடைத்தால்தான் காபி, அது வழக்கம். கொல்லையில் நாலு கிடாய்கள் ஏற்கெனவே தயிர்க்குழம்பில் வெந்துகொண்டிருந்ததால், கிடைக்காமல் போகும் என்று யாரும் கவலைப்படவில்லை.

திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். ஃபித்தா நடுவில் உட்கார்ந்து, தங்கைக்கு முதுகைக் காட்டியபடி மாவுமில்காரன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். வத்ஹா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஷுமா பாதாம் தட்டை ஏந்திச் சுற்றிக்கொண்டிருந்தாள். கஸ்னாவின் இரண்டு கைகளும் முக்காட்டு நுனியில் இருந்தன.

சம்பந்தத்தை உறுதிசெய்ய ஃபாத்திஹா ஓதுவதற்கு முன், ஊர் இமாம் ஷேக் அவ்வாத் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். ஆயிரம் தடவை கேட்டு மழுங்கிப்போன கேள்வி. கைகளை விரித்து மேலே தூக்கியபடியே கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் நடுவுல பால் எதுவும் இல்லையே?”

“இருக்கு” என்றாள் கஸ்னா.

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அறுபது பேரும் திரையைப் பார்த்தார்கள். பேசுவது யார் என்று ஷேக் கேட்டார். உம்மு நாயிஃப் என்று சொன்னாள். யார் யாருக்குக் கொடுத்தது?

“வத்ஹாவுக்கு நான். தாமிர் எங்கிட்ட குடிச்சுட்டிருந்த காலம். கோதுமை அறுப்பு நடந்துட்டிருந்துச்சு. அக்காவுக்குக் காய்ச்சல். பிள்ளை கத்திக்கிட்டு கெடந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

“எத்தனை தடவை?”

“அஞ்சுக்கு மேலயே இருக்கும். வயிறு நெறைய.”

ஹாயிலின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல்தான், அதில்தான் பயம். “இருபத்திரண்டு வருஷமா எங்க இருந்துச்சு இந்தப் பால்?”

“யாரும் கேக்கல, பெரியப்பா மகனே. இன்னைக்குத்தான் ஷேக் கேட்டாரு.”

முக்காட்டு நுனி கயிறாக முறுக்கிக்கொண்டது. ஷேக் சத்தியம் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அல்லாஹ்வின் மீது ஆணையிடச் சொன்னால் நாக்கு எழாது என்று அவளுக்குத் தெரியும். அவளைக் காப்பாற்றியவர் அபூ ஃபவ்வாஸ். தனக்கு இந்தப் பெண்மணி ஒருமுறை ஆடு விற்றாள் என்றும், விலை பேசும் முன்னாலேயே அதன் நொண்டிக் காலைச் சொன்னாள் என்றும், இப்படிப்பட்டவளைச் சத்தியம் செய்யச் சொல்வது குலத்துக்கே இழுக்கு என்றும் அவர் முழங்கினார். எழுதிக் கொடுக்காமல் அவர் அன்று பேசிய ஒரே பேச்சு அது. ஷேக் கைகளைக் கீழே இறக்கினார். பால் கொடுத்தவளின் சொல் போதும். வத்ஹாவும் தாமிரும் அக்கா தம்பி, அதாவது அண்ணன் தங்கை என்று திருத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

கஸ்னா மூச்சு விட்டாள். வத்ஹா கால் விரலிலிருந்து கண்ணை எடுத்தாள்.

ஆனால் ஹாயில் இருபது வருஷமாக ஜாஹாக்களை நடத்தியவர். நின்றுபோன வண்டிகளைத் தள்ளிக் கிளப்பிய அனுபவம் அவருக்கு உண்டு.

“ஷேக்கே, ஷுமா?”

“ஷுமா குடிச்சாளா?” என்று ஷேக் திரையை நோக்கிக் கேட்டார். ஷுமா பிறந்தபோது தாமிருக்கு நாலு வயது. கஸ்னாவிடம் பால் வற்றி வருஷங்கள் ஆகியிருந்தன என்பது ஊருக்கே தெரியும். பெண்கள் பக்கமிருந்து பதில் வரவில்லை. அப்படியானால் தடை இல்லை என்றார் ஷேக். குடித்த பிள்ளைக்குத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் உடன்பிறப்பு. குடித்த பிள்ளையின் தங்கைக்கு அதில் பங்கு கிடையாது.

முற்றம் முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு பரவியது. கிடாய்கள் வீண்போகவில்லை. தோப்பும் வீண்போகவில்லை. ஹாயில் சிரித்தபடி, காபி இன்னும் ஆறவில்லை என்று கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். அபூ ஃபவ்வாஸ் மறுபடியும் எழுந்தார். பேச்சில் ஒரே ஒரு பெயரை மாற்றினால் போதும்.

ஷுமாவின் கையில் பாதாம் தட்டு சாய்ந்து, பாதாம் ஒவ்வொன்றாகக் கம்பளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. கஸ்னாவுக்குக் காதுக்குள் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அதைக் கொண்டுபோய்த் தப்பான பிள்ளையின் வாயில் வைத்துவிட்டாள். இன்னொன்று சொல்லலாம் என்றால் இந்த ஒன்றும் செத்துவிடும்.

வெளியே ஷேக் மறுபடியும் கைகளை விரித்தார்.

ஃபித்தா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தாள். தங்கையின் பக்கம் திரும்பவில்லை. திரையின் அருகே போய், துணிக்கு முகத்தைக் காட்டி நின்றாள்.

“ஷேக்கே, கையைக் கொஞ்சம் கீழ போடுங்க. என் தங்கச்சி மாத்திச் சொல்றா. அவளுக்குத் தெரிய நியாயமில்லை, அவ அப்ப மய்ஸாவைத் தூக்கிக்கிட்டு தலைநகரத்து ஆஸ்பத்திரியில கெடந்தா. எனக்குக் காய்ச்சலும் இல்லை ஒண்ணும் இல்லை. பசி அவ மகனுக்கு. ஆட்டுப்பால் குடுத்தா துப்பினான். வத்ஹாவை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் போட்டு, அவ திரும்பி வர்ற வரைக்கும் நாந்தான் குடுத்தேன். குடிச்சது என் மகள் இல்லை, அவ மகன். அப்ப தாமிர் எனக்கும் பிள்ளை. வத்ஹாவுக்கு மட்டுமில்லை, என் வயித்துல பொறந்த எல்லாருக்குமே அவன் அண்ணன்.”